கிரவுஸ் வேட்டை: தோட்டா எங்கே போய் நிற்கும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க மலைக்காடுகளில் நடக்கும் கிரவுஸ் பறவை வேட்டையைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். கிளையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பறவையை .22 ரைபிளாலோ (0.22 அங்குல விட்டமுள்ள சிறு தோட்டாவைச் சுடுவது) கைத்துப்பாக்கியாலோ சுடுவதில் திறமையும் இல்லை, நேர்மையும் இல்லை என்று கட்டுரையாளர் தீர்ப்பளித்திருந்தார். வாஷிங்டன் மாநிலத்தில் குடியிருந்து, இலையுதிர்காலம்தோறும் இந்தப் பறவையைத் தேடி மலையேறுகிறவன் என்ற முறையில், அவர் பிரச்சினையைத் தவறான முனையிலிருந்து பிடித்துவிட்டார் என்று கருதுகிறேன். இந்த வேட்டையில் கேட்டாக வேண்டிய கேள்விகள் இரண்டு: பறவை அந்தக் கணத்திலேயே உயிர்விடுகிறதா? அதைத் தாண்டிச் செல்லும் தோட்டா எங்கே போய் நிற்கிறது?

முதலில் பறவையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோழிக் குடும்பத்தைச் சேர்ந்த காட்டுக் கிரவுஸ்களில் ரஃப்ட் கிரவுஸ் ஏறத்தாழ அரைக் கிலோ எடை இருக்கும். டஸ்கி கிரவுஸின் சேவல் ஒரு கிலோவைத் தாண்டும். ஊசியிலைக் காட்டில் வாழும் ஸ்ப்ரூஸ் கிரவுஸோ, மனிதன் சில அடி தூரத்தில் வந்து நின்றாலும் பறக்காமல் தன் நிறத்தையே நம்பி உறைந்துபோய் உட்கார்ந்திருக்கும். எல்க் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் முகாமில் இரவு உணவுக்கு ஒரு பறவை கிடைக்கட்டும் என்று இடுப்பில் .22 கைத்துப்பாக்கி ஒன்றைச் செருகிக்கொண்டு போவது நெடுநாளைய வழக்கம். அதில் போடும் .22 லாங் ரைபிள் என்ற தோட்டா வகை 1887-இல் வந்தது. 1949-இல் ரூகர் நிறுவனம் விலை குறைந்த .22 பிஸ்டலை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு இத்தகைய துப்பாக்கி எளியவர்களுக்கும் எட்டியது.

சிறு ரவைகளைக் கொத்தாகச் சிதறவிடும் ஷாட்கன்னால், பறக்கும் பறவையைச் சுடுவதே நேர்மை என்பது கட்டுரையாளரின் வாதம். அது கடினமான கலை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பறந்து மறையும் பறவையின் மீது இரண்டு மூன்று ரவைகள் மட்டும் பட்டு, அது புதருக்குள் விழுந்து, நாய் இல்லாதவனால் கண்டெடுக்க முடியாமலே சாவதும் அந்தக் கலையின் ஒரு பகுதிதான். தலையைக் குறிவைக்கும் .22 தோட்டா பட்டால் பறவை அங்கேயே முடிந்துவிடும். தவறினால் பெரும்பாலும் ஒரு காயமுமின்றிப் பறந்துவிடும். நெஞ்சுச் சதையில் ஈய ரவை தங்குவதும் இல்லை.

இந்த நன்மை தலையைக் குறிவைப்பவனுக்கு மட்டுமே உரியது. உடலில் பட்ட தோட்டா, குறிப்பாக நுனி குழிந்த தோட்டா, உண்ண வேண்டிய இறைச்சியைக் கூழாக்கிவிடும். அப்படி அடிபட்டும் பறவை பறந்து தப்பி, காட்டுக்குள் துடித்துச் சாகலாம். தலையோ ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் அகலம்தான். 50 மீட்டரில் தோட்டா குறியிலேயே படும்படி சரிசெய்யப்பட்ட தொலைநோக்கி பொருத்திய ரைபிளால் 10 மீட்டரில் சுட்டால், தொலைநோக்கி குழலுக்கு மேலே நாலு சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதால், தோட்டா குறிக்கு ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் கீழே படும். அதாவது கண்ணைக் குறிவைத்தவனின் தோட்டா தலையின் அடிவிளிம்பிலோ கழுத்திலோ பாயும். இதைக் காகித இலக்கில் சுட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளாதவன் காட்டில் சுடக் கூடாது. எச்சரிக்கையடைந்த கிரவுஸ் கழுத்தை நீட்டி, கொண்டையைச் சிலிர்த்து, தலையை முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே மெல்லக் குரல் கொடுக்கும். அந்த அசைவு நிற்கும்வரை விசையில் விரல் வைக்காமல் காத்திருப்பதற்கும் திறமை வேண்டும். கட்டுரையாளர் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

கைத்துப்பாக்கி விஷயத்தில் என் நிலை இன்னும் கடுமையானது. அதன் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையிலுள்ள நீளம் குறைவு என்பதால் கையின் சிறு நடுக்கமும் இலக்கில் பெரிதாகத் தெரியும். இரு கைகளாலும் பிடித்து, மரத்தில் சாய்ந்து, 15 மீட்டரில் ஐந்து தோட்டாக்களையும் எலுமிச்சம்பழ அளவு வட்டத்துக்குள் செலுத்த முடியாதவர் அதைப் பறவையை நோக்கி நீட்டக் கூடாது. என் அனுபவத்தில் பெரும்பாலானோர் இந்தச் சோதனையில் தேறுவதில்லை.

இனி, கட்டுரை முற்றிலும் விட்டுவிட்ட ஆபத்துக்கு வருகிறேன். ஷாட்கன்னின் சிறு ரவைகள் இருநூறு மீட்டரையொட்டி விழுந்துவிடும். .22 தோட்டா ஒன்றரை மைல், அதாவது 2.4 கிலோமீட்டர் வரை செல்லக்கூடும் என்று தோட்டாப் பெட்டிகளிலேயே எச்சரிக்கை அச்சிடுகிறார்கள். பத்து மீட்டர் உயரக் கிளையில் இருக்கும் பறவையைப் பதினைந்து மீட்டர் தள்ளி நின்று குறிவைத்தால் குழல் ஏறத்தாழ 30 பாகை உயர்ந்திருக்கும். தோட்டா மிக அதிகத் தூரம் பறக்கும் கோணமும் ஏறத்தாழ அதுவே. தலை போன்ற சிறிய இலக்கு அந்தத் தோட்டாவை நிறுத்திவிடாது. அதே மலையின் மறுபக்கத்தில் காளான் பறிப்பவர்கள் இருக்கலாம், நடைபயணம் வந்தவர்கள் இருக்கலாம், காட்டோடு கலந்துவிடும் பச்சை உடையில் வில்வேட்டைக்காரர் ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருக்கலாம். ஆகவே வானத்தைப் பின்னணியாகக் கொண்ட பறவை எவ்வளவு அருகில் இருந்தாலும் அதை விட்டுவிட வேண்டும், அல்லது சரிவில் மேலேறிச் சுற்றிவந்து, அதற்குப் பின்னால் மண்மேடு தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். பருத்த அடிமரம் பின்னால் இருக்கிறதே என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். குறி ஒரு சாண் விலகினால் அந்த மரம் இருந்தும் பயனில்லை. பாறையும் உறைந்த நிலமும் ஈயத் தோட்டாவைத் தெறிக்கவிடும் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

ஈயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயத் தோட்டாவுக்குத் தடை உள்ளது. செம்பால் ஆன .22 தோட்டாக்களும் கடைகளில் கிடைக்கின்றன. மற்ற மாநிலத்தவரும் அவற்றைப் பயன்படுத்திப் பார்ப்பது நல்லது என்பேன்.

கடைசியாக ஒரு திருத்தம் வேண்டுகிறேன். எல்லாக் கிரவுஸையும் ரைபிளால் சுடலாம் என்ற எண்ணத்தைக் கட்டுரை ஏற்படுத்துகிறது. வாஷிங்டனில் வேட்டைப் பறவைகளை ரைபிளாலும் கைத்துப்பாக்கியாலும் சுடுவதற்குத் தடை உண்டு. காட்டுக் கிரவுஸ்கள் அதற்கு விதிவிலக்கு. சமவெளியில் வாழும் சேஜ் கிரவுஸ் 1998 முதல் இங்கே சட்டப் பாதுகாப்பில் இருக்கும் இனம். 2021-இல் அது அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. அதை எந்தத் துப்பாக்கியாலும் சுட அனுமதி இல்லை. புதிதாக உரிமம் எடுத்த ஒருவர் தங்கள் கட்டுரையை நம்பி ரைபிளுடன் கிளம்பிவிடக் கூடும் என்பதால், இதை அடுத்த இதழிலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாஷிங்டன் மாநில வாசகர் ஒருவர்