மகளுக்கு: மணலை எங்கிருந்து எடுக்கிறார்கள், மக்களே?

மக்களே,

மாலத்தீவில் கடலை மணலால் நிரப்பி வீடு கட்டுகிற வேலைக்கு உன்னை மாற்றிவிட்டார்கள், அடுத்த மாதத்திலிருந்து தண்ணீர்க் கலங்கலை அளந்து அறிக்கையில் கையெழுத்துப் போடுவது உன் பொறுப்பு என்று போனில் சொன்னாய் அல்லவா, அன்றிலிருந்து அதே நினைப்பாகத்தான் இருக்கிறேன். சம்பளம் கூடியதில் அம்மைக்கு ரொம்ப சந்தோஷம், எனக்கும்தான். ஆனால் அந்தக் கையெழுத்தைப் பற்றி உன்னிடம் கொஞ்சம் பேச வேண்டும், போனில் சொன்னால் பாதி உன் காதில் விழாது என்றுதான் எழுதுகிறேன்.

தீவில் கடலை நிரப்பவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தலைநகர் மாலேயில் ஆட்கள் எப்படி நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். மாலத்தீவு நிலத்தில் 80 சதவீதம் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர்கூட இல்லாத நிலம். அதனால்தான் 1997இல் மாலேக்குப் பக்கத்தில் ஹுல்ஹுமாலே தீவை நிரப்பத் தொடங்கினார்கள், சுமார் இரண்டு மீட்டர் உயர்த்தி 2004இல் குடியேற்றவும் செய்தார்கள். ஜனங்களுக்கு வீடு வேண்டும், அதில் பேச்சே இல்லை. நிரப்புகிற மண் எங்கிருந்து வருகிறது, கலங்கல் எங்கே போய் இறங்குகிறது, கரையைக் காக்கப் போட்ட கல்லில் மோதின அலை அடுத்தபடியாக யார் கரைக்குப் போகிறது, இந்த மூன்றும்தான் என் கவலை.

நம் கரையில் இதைப் பார்த்துத்தானே நீ வளர்ந்தாய். கரையோடு ஓடுகிற நீவாடு, அந்த நீரோட்டம், மணலைக் கொண்டுபோய்க்கொண்டே இருக்கும், ஒரு பருவத்தில் இந்தப் பக்கம், இன்னொரு பருவத்தில் அந்தப் பக்கம். ஆனி ஆடியில் கடல் எடுத்த கரையை அப்புறம் கடலே திருப்பிப் போடும், நம் முன்னோர் அதை நம்பித்தான் கரையிலே குடியிருந்தார்கள். குறுக்கே கடலுக்குள் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு போட்டால் ஒரு பக்கம் மணல் தங்கும், மறுபக்கத்துக்கு வர வேண்டிய மணல் வராது. எல்லையில் நீரோடியில் நம் பக்கத்துக் கல் முடிகிற இடத்தில் நின்று கேரளத்துப் பொழியூரைப் பார்த்தால் போதும். வேர் வெளியே தொங்குகிற தென்னை, பாதி இடிந்த வீடு, வள்ளம் ஏற்றி வைக்க ஒரு முழம் மணல் கிடையாது. தமிழ்நாட்டுக்காரர்கள் கல் போட்டதால்தான் எங்கள் கரை போனது என்று அந்த ஊர்க்காரர்கள் வயிறெரிந்து சொல்லுகிறார்கள், அதில் கொடுத்துக் கொண்ட நம் சொந்தங்களும் இருக்கிறார்கள்.

கேரளத்து விழிஞ்சம் துறைமுகத்துக்கு நம் மாவட்டத்து மலையை உடைத்து, களியக்காவிளை வழியாக லாரி லாரியாகக் கல் போனதை நீ அறிவாய். கரை போனதற்குத் துறைமுக வேலைதான் காரணம் என்று அங்குள்ள மீனவர்கள் 2022இல் நூறு நாளுக்கு மேல் போராடினார்கள். கட்டுகிற தரப்பு இல்லை என்றது. அந்த மாதிரி நேரத்தில் வேலை தொடங்குவதற்கு முன்னே எடுத்த அளவும், நடக்கும்போது நாள்தோறும் எடுத்த அளவும் யார் கேட்டாலும் எடுத்துக் காட்டுகிற மாதிரி இருக்க வேண்டும், மக்களே. அளவு சரியாக இல்லையென்றால் வீடு போனவன் பேச்சு வெறும் புலம்பலாகிவிடும். அங்கே அந்த அளவை எடுக்கப்போகிறவள் நீ.

உன் தீவின் மணலும் நம் ஊர் மணலும் ஒன்றில்லை. நம்முடையது மலையிலிருந்து ஆறு கொண்டுவந்தது, அங்கே ஆறே கிடையாது. கடலுக்குள் பவளம் கட்டின திட்டான பவளப்பாரில் வாழ்கிற உயிர்கள் செத்து உடைந்தும், பாரைக் கொறித்துத் தின்கிற மீன் அரைத்துக் கழித்தும் சேர்ந்த மணல் அது. பார் செத்தால் மணல் உண்டாவதும் குறைந்துபோகும், அலையின் வேகத்தை உடைக்கவும் ஆளில்லை. மன்னார் வளைகுடாவில் 21 தீவு இருந்தது, சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்ததில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்று இரண்டு தீவு தண்ணீருக்குள் போய்விட்டது.

மண் வாருகிற கப்பல் அடியிலிருந்து உறிஞ்சிக் குழாய் வழியாகக் கரையில் பீய்ச்சும்போது கனமான மணல் உடனே படிந்துவிடும். மாவு மாதிரி இருக்கிற வெள்ளைப் பொடி படியாது, அது தண்ணீரோடு வெளியே போகும். பவளம் தன்மேல் விழுகிற தூசியைத் தானே வழுவழுப்பாக ஒன்றைச் சுரந்து தள்ளிவிடும், அம்மை தினமும் முற்றம் கூட்டுகிற மாதிரி. ஆனால் விடாமல் கொட்டிக்கொண்டே இருந்தால் அதற்கும் தெம்பு போய்விடும். அதன் உடம்புக்குள்ளே இருந்து சாப்பாடு போடுகிற பாசிக்கு வெயில் வேண்டும், கலங்கல் அதையும் மறைக்கும். 1998லும் 2016லும் கடல் சூடேறி அங்கே பவளம் வெளுத்துச் செத்தது, பிழைத்தது இப்போதுதான் எழும்புகிறது. அதன் மேலா இந்தச் சேற்றைப் போடுவது?

அளக்கிற இடத்திலும் கவனமாக இரு. நீவாடு வருகிற பக்கம் நின்று அளந்தால் தண்ணீர் எப்போதும் தெளிவாகத்தான் இருக்கும். போகிற பக்கத்திலும் அளக்க வேண்டும், ஏற்றவற்றத்தில் நீவாடு திரும்பினால் நீயும் இடம் மாற வேண்டும். கப்பல் வாருகிற நேரத்திலேயே அளக்க வேண்டும், நின்ற பிறகு போய் அளந்து பிரயோஜனமில்லை. கலங்கலைத் தடுக்கக் கட்டுகிற திரை காற்றில் கிழிந்திருந்தால் கிழிந்திருந்தது என்றே எழுது.

நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கிற தங்கல் தொழிலுக்கு நான் போன நாளில், லட்சத்தீவின் மினிக்காய்க்கு அப்பால் மாலத்தீவுக்காரர்கள் சூரை பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். வலை கிடையாது. உயிரோடு பொடிமீனை வாரி இறைத்து, சூரை மேலே வந்ததும் கம்பும் தூண்டிலும் வைத்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் போடுவார்கள். அந்தப் பொடிமீன் கிடைப்பது பாரை ஒட்டின தண்ணீரில்தான். அங்கே சேறு இறங்கினால் வெளிக்கடல் தொழிலும் படுத்துவிடும், மாசிக் கருவாடும் கிடையாது. இதை எந்த அறிக்கையிலாவது எழுதுகிறார்களா என்று பார்.

குல்ஹுதுஃபுஷி தீவில் விமான நிலையத்துக்காகக் கண்டல் (அலையாத்தி) காட்டுச் சதுப்பை நிரப்பினார்களே, அதில் பெண்கள் தேங்காய்க் கதம்பை (மட்டை) புதைத்து அழுகவைத்துக் கயிறு திரிக்கிற குழிகளும் போயிற்று. உன் பாட்டி ஏ.வி.எம். கால்வாய்க் கரையில் அதே வேலை செய்தவள், அந்தக் கால்வாய் இன்று எந்தக் கதியில் கிடக்கிறது என்று உனக்கே தெரியும். வீட்டுப் பெண்களின் இந்த வருமானத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, நீயாவது சேர்.

மேலதிகாரி நெருக்கினால் சண்டைக்கு நிற்காதே. உன் அளவை, தேதியும் நேரமும் நீவாட்டுத் திசையும் போட்டு, உன் கையெழுத்திலேயே ஒரு நோட்டில் தனியாக எழுதி வைத்துக்கொள். பார்க்காததற்குக் கையெழுத்துப் போடாதே. வேலை போனால் போகட்டும், ஊருக்கு வா, சாப்பாட்டுக்குக் குறை வராது.

இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தத் தீவில் வயதான மீன்பிடிக்காரர் யாரையாவது பார்த்துக் கேள்: எந்தப் பருவத்தில் மணல் எந்தப் பக்கம் சேரும், பொடிமீன் எங்கே நிற்கும், இப்போது மண் வாருகிற இடத்தில் முன்னே என்ன இருந்தது. அவர் சொல்வதை அப்படியே எனக்கு எழுது, நானும் படிக்க வேண்டும்.

அப்பா