டயாலிசிஸ் நோயாளிக்குக் கற்பிக்கவும் செவிலியருக்கு நேரம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுநீரகம் செயலிழந்தவரின் ரத்தத்திலிருந்து கழிவையும் மிகை நீரையும் இயந்திரம் கொண்டு நீக்கும் டயாலிசிஸ் குறித்து எழுதப்படுபவை பெரும்பாலும் இயந்திரங்களின் எண்ணிக்கையோடும் சிகிச்சைச் செலவோடும் நின்றுவிடுகின்றன. அப்பிரிவில் பணியாற்றும் செவிலியர் என்ற முறையில், நோயாளிக்குக் கற்பிக்கும் பணியைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் சிகிச்சை பெறும் ஒருவர், வாரத்தின் 168 மணி நேரத்தில் 12 மணி நேரம் மட்டுமே எங்கள் பார்வையில் இருக்கிறார். மீதி நேரமெல்லாம் நீர், உப்பு, மாத்திரை ஆகியவற்றை அவரும் வீட்டாருமே கவனித்துக்கொள்ள வேண்டும். அதற்கான அறிவுரையோ, உடலில் யூரியா என்ற கழிவு ஏறி, அச்சமும் சோர்வுமாக அவர் படுத்திருக்கும் முதல் நாளிலேயே அச்சிட்ட தாளாகக் கொடுக்கப்பட்டு, கற்பித்தாயிற்று என்று பதிவேட்டில் எழுதப்படுகிறது.

தண்ணீரைக் குறையுங்கள் என்று மட்டும் சொல்வதில் பயனில்லை. உப்பு குறையாமல் தாகம் அடங்காது. உடலில் தங்கும் ஒவ்வொரு லிட்டர் நீருக்கும் எடை ஒரு கிலோ ஏறும். அவ்வாறு சேர்ந்த நீரைச் சில மணி நேரத்துக்குள் வேகமாக வெளியேற்றும்போது ரத்த அழுத்தம் சரிந்து, தசைப்பிடிப்பும் வரக்கூடும். எடை பார்த்தவுடன் அன்றைய எண்ணைக் காட்டி இதை விளக்கினால் நோயாளிக்குத் தெளிவாகப் புரிகிறது. சோடியம் குறைந்தது என விற்கப்படும் மாற்று உப்புகள் பலவற்றில் பொட்டாசியம் குளோரைடு உள்ளது என்பதையும், ரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பே குலையலாம் என்பதையும் வீட்டாருக்கு அவசியம் சொல்ல வேண்டும். நோயாளியின் மீதுள்ள அக்கறையினாலேயே அந்த மாற்று உப்பை வாங்கித் தருபவர்கள் உண்டு.

ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் அறுவை சிகிச்சையால் இணைத்த இணைப்பு, உள்ளவர்கள் அந்தக் கையில் விரல் வைத்து அதிர்வு இருக்கிறதா என்று நாள்தோறும் பார்க்க வேண்டும்; அது நின்றுவிட்டால் அடுத்த சிகிச்சை நாள் வரை காத்திராமல் உடனே வர வேண்டும். அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கவோ ஊசி போடவோ வருபவர் மருத்துவப் பணியாளராகவே இருந்தாலும் தடுக்கும் துணிவு நோயாளிக்கு வேண்டும். அந்தத் துணிவையும் நாங்கள்தான் ஊட்ட வேண்டும். சொன்னதை அவர் வாயாலேயே திரும்பச் சொல்லவைத்து, செய்துகாட்டச் சொல்லிப் பார்க்கும் வரை கற்பித்தல் முடிந்ததாகக் கொள்ள முடியாது.

எடை கூடி வருபவரையும் சிகிச்சைக்கு வரத் தவறுபவரையும் கடிந்துகொள்ளும் வழக்கம் எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. மனச்சோர்வோ, வேலை பறிபோகுமோ என்ற கவலையோ, கூட்டிவர ஆளில்லாமையோ அதற்குக் காரணமாக இருக்கலாம். திட்டு வாங்கியவர் அடுத்த முறை உண்மையை மறைப்பார். அதனால் அவருக்குத்தான் ஆபத்து.

ஆகவே, கற்பித்தலுக்கான நேரத்தைப் பணிப்பட்டியலிலேயே ஒதுக்கி, அதற்கேற்பச் செவிலியர் எண்ணிக்கையை உயர்த்துமாறு மருத்துவமனை நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இயந்திரத்தைக் கையாளக் கற்றுத்தரும் பயிற்சியிலேயே, நோயாளிக்குக் கற்பிக்கும் முறையும் மனச்சோர்வை இனங்காணும் முறையும் இடம்பெற வேண்டும்.

இப்படிக்கு,
டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர் ஒருவர்