412 நாள் கணக்கும் ஒரு பரமபதப் பலகையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை பார்த்தேன். கைப்பேசிச் செயலி இருந்தால் போதும், எந்த மொழியையும் விளையாட்டாகவே கற்றுக்கொண்டுவிடலாம், இனி ஆசிரியரைத் தேடி அலைய வேண்டியதில்லை என்கிற ரீதியில் போயிருந்தது. எழுதியவருக்கு நல்ல எண்ணம்தான். ஆனால் நான்கு வருடமாக வெல்ஷ் மொழியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவள் என்பதால் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது, கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது பிரிட்டனில் இங்கிலாந்தை ஒட்டிய வேல்ஸ் நாட்டின் வடமேற்கில், கைர்னார்வன் என்ற கோட்டை ஊரில். முதியோர் இல்லம் ஒன்றில் செவிலியர் வேலை. "வேல்ஸ் என்றால் இங்கிலாந்துதானே, இங்கிலீஷ் போதாதா அக்கா" என்று என் தம்பியே கேட்டான். போதாது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வேல்ஸ் முழுக்க வெல்ஷ் தெரிந்தவர்கள் சுமார் 5,38,000 பேர், அதாவது நூற்றுக்கு 18 பேர்கூட இல்லை. ஆனால் கைர்னார்வன் இருக்கிற க்வினெத் பகுதியில் மட்டும் நூற்றுக்கு 64 பேர். இங்கே கடைத்தெருவில், பஸ்ஸில், கால்பந்து மைதானத்தில் எல்லாம் வெல்ஷ்தான். எங்கள் இல்லத்தில் இருக்கிற பாட்டிமார் பலர் பள்ளிக்கூடம் போன பிறகு இங்கிலீஷ் கற்றவர்கள். மறதி நோய் முற்றும்போது பின்னால் வந்த மொழி சிலரிடமிருந்து முதலில் போய்விடுகிறது. அப்புறம் வலி என்றாலும் தாகம் என்றாலும் அவர்கள் வாயில் வருவது வெல்ஷ் மட்டும்தான்.

அதனால் எல்லோரையும் போல நானும் டுவோலிங்கோ என்ற மொழி கற்பிக்கும் செயலியில் ஆரம்பித்தேன். வெல்ஷ் பாடம் அதில் 2016-இல் வந்தது, தன்னார்வலர்கள் உட்கார்ந்து எழுதியது. ஓவன் என்று ஒருவர் அதில் அடிக்கடி வருவார், அவருக்கும் பன்னாஸ் என்கிற கிழங்குக்கும் (வெள்ளை கேரட் மாதிரி இருக்கும்) அப்படி ஒரு பந்தம். வெல்ஷ் கற்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் ஓவனின் பன்னாஸை நினைத்துச் சிரிக்காமல் பிரிவதில்லை. எனக்கு 'வணக்கம்' கூடச் சரியாக வராத நாளிலேயே பன்னாஸ் வேண்டும் என்று சொல்லத் தெரிந்திருந்தது!

ஒரு நாளும் விடாமல் செய்தேன் (எத்தனை நாள் விடாமல் வந்தோம் என்று செயலி எண்ணிக்கொண்டே வரும், ஒரு நாள் விட்டால் கணக்கு அறுந்துவிடும்). இரவுப் பணியில் பதினொன்று ஐம்பதுக்கு ஞாபகம் வந்தால் பேண்ட்ரியில் நின்றபடியே, இருப்பதிலேயே சுலபமான பாடத்தை இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை தட்டி முடித்துவிட்டு, அப்பாடா கணக்கு அறுபடவில்லை என்று மூச்சு விடுவேன். இப்படி 412 நாள். 412-ஆவது நாள் காலையில் ஒரு பாட்டி என் கையைப் பிடித்து ஏதோ கேட்டார். "ஹ்லெவ்ரித், ஹ்லெவ்ரித்" என்றார். எனக்குப் புரியவில்லை. இங்கிலீஷில் சாரி சொன்னேன். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் கேட்டது பால். பாலுக்கு நான் படித்து வைத்திருந்தது 'ஹ்லாய்த்', அது தெற்கு வேல்ஸ் சொல், வடக்கில் ஹ்லெவ்ரித். (இந்த 'ஹ்ல' ஒலிக்குத் தமிழில் எழுத்து கிடையாது. ல் சொல்வதற்கு நாக்கை வைத்துக்கொண்டு குரல் கொடுக்காமல் காற்றை மட்டும் ஊத வேண்டும், பூனை சீறுகிற மாதிரி வரும்.) செயலி மேல் நான் குறை சொல்ல மாட்டேன். பக்கத்திலேயே அந்தச் சொல்லைப் பேசுகிற இருபது பேர் இருக்க, பேண்ட்ரியில் நின்று ஓவனோடு பேசிக்கொண்டிருந்தது நான்தானே.

இன்னொரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். குறிப்புகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் படிப்பது என் வழக்கம். வெல்ஷில் சொல்லின் முதல் எழுத்தே இடத்துக்கு இடம் மாறும். பூனை என்றால் 'காத்'. அவனுடைய பூனை என்றால் அதே 'காத்'தான், ஆனால் நாம் 'கங்கை' என்பதில் முதலில் வருகிற அழுத்தமான க. அவளுடைய பூனை என்றால் தொண்டையிலிருந்து 'ஹாத்'. என்னுடைய பூனை என்றால் 'ஙாத்'! ஊர்ப் பெயரும் தப்பாது, கைர்னார்வனில் இருக்கிறேன் என்றால் அதுவும் ங-வில் ஆரம்பிக்கும். நம் எழுத்தில் இரண்டு க-வுக்கும் ஒரே க என்பதால் என் நோட்டில் வெறும் பூனையும் அவனுடைய பூனையும் ஒன்றாகிக் கிடந்தன, மூன்று மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். ஆனால் ங விஷயத்தில் எனக்கு லாபம். நான் போகிற மாலை வெல்ஷ் வகுப்பில் இங்கிலாந்துக்காரர்கள் சொல் முதலில் ங வந்தால் திணறுவார்கள், எனக்கு முதல் நாளே வந்துவிட்டது. ஒன்றாம் வகுப்போடு கைகழுவிய எழுத்து, ஐயாயிரம் மைல் தாண்டி வந்து உதவும் என்று யார் கண்டது.

அந்தப் பால் சம்பவத்துக்குப் பிறகு வழியை மாற்றினேன். சேசம்திங் இன் வெல்ஷ் என்று 2009-இல் வேல்ஸிலேயே ஆரம்பித்த ஒரு பாடம் இருக்கிறது. திரையைப் பார்க்கவே வேண்டாம், காதில் மாட்டிக்கொண்டால் போதும். இங்கிலீஷில் ஒரு வாக்கியம் சொல்வார்கள், கொஞ்ச நேரம் இடைவெளி விடுவார்கள், அதற்குள் நாம் வாய் திறந்து வெல்ஷில் சொல்லிவிட வேண்டும், அப்புறம்தான் சரியான விடை வரும். வடக்கு வேல்ஸுக்குத் தனியாக, தெற்குக்குத் தனியாக. புள்ளி, பூ, பொம்மை ஒன்றும் கிடையாது. ஆனால் அந்த இடைவெளியில் நெஞ்சு அடித்துக்கொள்கிறது பாருங்கள், கடைக்காரர் முன்னால் நிற்கும்போது அடித்துக்கொள்வதும் அதேதான். துணி மடிக்கும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தேன். எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்றே வீட்டுக்காரர் நினைத்தார்.

பக்கத்து ஊர் பேங்கர் பல்கலைக்கழகத்தில் நல்ல வேலை நடக்கிறது. மாக்சென் என்று வெல்ஷ் புரிந்துகொள்ளும் குரல் உதவியாளரை உருவாக்கியிருக்கிறார்கள், வானிலை கேட்டால் வெல்ஷிலேயே சொல்லும். அதுபோலவே, ஃபயர்பாக்ஸ் உலாவி செய்கிற மோசில்லாவின் காமன் வாய்ஸ், இயந்திரங்களுக்குப் பேச்சைப் புரியவைக்கக் குரல்களைச் சேகரிக்கிற திட்டம். திரையில் வாக்கியம் வரும், நாம் வாசித்துப் பதிவு செய்து கொடுக்க வேண்டும், மற்றவர் வாசித்ததைக் கேட்டுச் சரியா தப்பா என்று சொல்ல வேண்டும். 2018-லிருந்து அதில் வெல்ஷ் இருக்கிறது (தமிழும் இருக்கிறது, ஓய்வாக இருக்கிறவர்கள் கொஞ்சம் போய்ப் பாருங்கள்). எனக்கு இது பிடித்ததற்குக் காரணம், இங்கே என் தப்பு உச்சரிப்பும் ஒரு பங்களிப்பு. தமிழ் வாடையடிக்கிற வெல்ஷையும் நாளைக்கு ஒரு இயந்திரம் புரிந்துகொள்ள வேண்டும் அல்லவா.

ஆனாலும் என்னை ஊரில் பேச வைத்தது ஒரு காகிதம். மாலை வகுப்பில் எங்கள் ஆசிரியை பிங்கோ தாள் கொடுத்தார், எண்களுக்குப் பதில் கட்டம் கட்டமாக வேலைகள்: பஸ் டிரைவரிடம் வெல்ஷில் டிக்கெட் கேள், ரொட்டிக் கடையில் வாங்கு, தெரியாதவரிடம் மழையைப் பற்றிப் புலம்பு (இங்கே இந்தக் கட்டத்துக்குப் பஞ்சமே இல்லை), எதிரில் இருப்பவர் இங்கிலீஷுக்கு மாறினாலும் நீ மாறாதே. கடைசிக் கட்டம்தான் உயிரை வாங்கும். நான் ஒரு வார்த்தை தடுமாறினால் போதும், கடைப்பெண் பாவம் என்று இங்கிலீஷுக்குத் தாவிவிடுவாள். இரக்கம்தான், ஆனால் அந்த இரக்கத்தில் நம் பயிற்சி போச்சு. அதற்கு இங்கே ஒரு மருந்து வைத்திருக்கிறார்கள், ஆரஞ்சு நிறத்தில் பேச்சுக்குமிழ் போட்ட பேட்ஜ். இவரிடம் வெல்ஷ் பேசலாம் என்று அர்த்தம், கற்றுக்கொண்டிருப்பவர்களுக்கு அதையும் குறிப்பிட்டே தருகிறார்கள். அதைச் சட்டையில் குத்திக்கொண்டு போன முதல் நாள் அதே கடைப்பெண் நான் வாக்கியத்தை முடிக்கும்வரை காத்திருந்தாள். வரிசையில் பின்னால் நின்றவரும் காத்திருந்தார். மின்சாரம், இணையம் எதுவும் வேண்டாத தொழில்நுட்பம், நான் பார்த்ததில் இதுதான் முதலிடம்.

விளையாட்டை வைத்து மொழியை மாற்றுவது இந்த நாட்டுக்குப் புதிதும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே பல பள்ளிகளில் 'வெல்ஷ் நாட்' என்று ஒன்று இருந்தது. ஒரு மரத்துண்டு, வெல்ஷ் பேசி மாட்டிக்கொண்ட பிள்ளையின் கழுத்தில் தொங்கவிடுவார்கள். அடுத்து யாராவது வெல்ஷ் பேசினால் அது அவன் கழுத்துக்குப் போகும், பள்ளி முடியும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்கு அடி. யோசித்துப் பாருங்கள், தள்ளிவிடும் ஆட்டம், நேரக் கெடு, தோற்றவனுக்குத் தண்டனை, ஒருவனை ஒருவன் காட்டிக்கொடுக்க ஏற்பாடு, ஆட்டத்துக்கு வேண்டிய எல்லாம் அதில் இருந்தது. இதை முதலில் கேட்டபோது எனக்கு நான் படித்த மெட்ரிக் பள்ளிதான் ஞாபகம் வந்தது. தமிழில் பேசினால் ஒரு ரூபாய் அபராதம், வசூலிக்க வகுப்புத் தலைவி. நான்தான் தலைவி. உற்சாகமாக வசூல் செய்திருக்கிறேன்.

2050-க்குள் வெல்ஷ் பேசுவோர் பத்து லட்சம் ஆக வேண்டும் என்று 2017-இல் வேல்ஸ் அரசு இலக்கு வைத்தது. ஆனால் 2011-இல் 5,62,000 ஆக இருந்த எண்ணிக்கை அடுத்த கணக்கெடுப்பில் குறைந்துதான் இருந்தது. செயலியில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையை வைத்து மகிழ்ந்துகொள்பவர்களுக்காகச் சொல்கிறேன். இன்னொன்று, டுவோலிங்கோ 2023-இல் வெல்ஷ் பாடத்தை இனிப் புதுப்பிக்கப் போவதில்லை என்று அறிவித்துவிட்டது. அடுத்தவர் திண்ணையில் நடத்துகிற பள்ளிக்கூடம், வேறென்ன சொல்ல. செயலி செய்பவர்களிடம் எனக்கு ஒரே கேள்வி. எத்தனை நாள் விடாமல் வந்தேன் என்று எண்ணுகிறீர்களே, இன்றைக்கு யாரிடம் பேசினாய் என்று ஏன் கேட்பதில்லை? அதற்கு ஒரு புள்ளி கொடுங்கள், நான் பொய் சொன்னாலும் சொல்லிவிட்டுப் போகிறேன், அந்தக் கேள்வியாவது மனதில் நிற்கும்.

பால் கேட்ட பாட்டி இப்போது எனக்குக் கூட்டாளி. இல்லத்தின் அலமாரியில் ஒரு பழைய பாம்பு-ஏணிப் பலகை கிடந்தது, நம் பரமபதம்தான், இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்குப் போன ஆட்டம். என் பெயர் அவருக்கு நினைவில் நிற்பதில்லை, ஆனால் தாயக்கட்டையை உருட்டியதும் 'இன், டை, ட்ரீ, பெட்வார், பிம்ப்' என்று எண்ணுவதில் ஒரு பிசகு கிடையாது. ஒரு நாள் இரண்டு பாம்பு கடித்த வருத்தத்தில் நான் 'டை நெய்டிர்' என்றேன். பலகை மேலேயே கையை வைத்து ஆட்டத்தை நிறுத்திவிட்டார். 'டூய் நெய்டிர்' என்று என்னைத் திருப்பிச் சொல்ல வைத்த பிறகுதான் கையை எடுத்தார். வெல்ஷில் பாம்பு பெண்பால், இரண்டு என்பதற்கும் ஆண்பால் பெண்பால் உண்டு. அதேபோல் ஏணிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே சொல், 'அஸ்கோல்'. நான் ஏணியில் ஏறும்போதெல்லாம் "பள்ளிக்கூடம் போகிறாயா" என்று கேட்டு அவரே சிரித்துக்கொள்வார், ஒவ்வொரு முறையும் முதல் முறை சொல்வது போலவே.

என் 412 நாள் கணக்கு அறுந்து ரொம்ப நாளாகிறது. நாளைக் காலை எனக்குப் பணி, பாட்டிக்கு நான் மூன்று ஆட்டம் பாக்கி.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
கைர்னார்வன், வேல்ஸ்