வீட்டுத்தோட்டச் சங்கம்: 2024ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, இந்தக் குளிரிலும் வந்திருக்கும் பதினேழு உறுப்பினர்களே, வணக்கம். பதிவேட்டில் 58 பேர் இருக்கிறோம்.

மாதக் கூட்டம் எட்டு நடந்தது. ஏப்ரலில் தேர்தல், ஜூலையிலும் ஆகஸ்டிலும் மழை. நவம்பரில் தலைவரும் நானும் மட்டும் வந்தோம், டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். மே மாதம் உதகை தாவரவியல் பூங்கா மலர்க்கண்காட்சிக்குப் போய் வந்தோம். மண்புழு உரப் பயிற்சி ஒருநாள் நடந்தது.

அடுத்து, வீட்டில் வண்ணக் கேரட் வளர்க்கும் திட்டம். வெளியே பலவிதமாகப் பேச்சு அடிபடுவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

திட்டத்தைச் சொன்னதும் வந்த முதல் கேள்வி, "நம் நீலகிரியில், கேத்தியில் லாரி லாரியாக ஏறுகிறது, வீட்டில் எதற்குக் கேரட்?" நியாயம்தான். ஆனால் லாரியில் ஏறுவது ஆரஞ்சு மட்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆப்கானிஸ்தான் பக்கம் விளைந்த கேரட் ஊதாவும் மஞ்சளும்தான். ஆரஞ்சு பரவலானது 17ஆம் நூற்றாண்டு வாக்கில், ஐரோப்பாவில். இதை நான் விளக்கியபோது பாதிப்பேர் போண்டாத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிப்ரவரியில் பனி விட்டதும் ஊதா, மஞ்சள், வெள்ளை விதையை 30 வீடுகளுக்குக் கொடுத்தோம். முளைத்தது 11 வீட்டில். மற்றவர்கள் விதை பழசு என்கிறார்கள். அதே பொட்டலத்து விதை என் பாத்தியில் எப்படி முளைத்தது? கேரட் விதை பொடி விதை. அரை அங்குலத்துக்குக் கீழே போனால் மேலே வரத் திணறும். முளைக்க இரண்டு மூன்று வாரம் ஆகும், அதுவரை மேல்மண் ஒருநாள்கூடக் காயக்கூடாது. மணலோடு கலந்து தூவுங்கள், ஈரச் சாக்கால் மூடுங்கள், முளை தெரிந்த அன்றே சாக்கை எடுங்கள் என்று நோட்டீஸே அடித்துக் கொடுத்தேன். ஓர் உறுப்பினர் எட்டாம் நாள் மண்ணைக் கிளறிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று பீன்ஸ் ஊன்றிவிட்டார். இன்னொருவர் சாக்கைப் போட்டுவிட்டுக் கோவையில் கல்யாணத்துக்குப் போனவர், பத்து நாள் கழித்துத்தான் திரும்பினார்.

முளைத்த வீடுகளிலும் புதுச் சாணம் போட்ட இடத்தில் கிழங்கு இரண்டு கால், மூன்று கால் விட்டது. கல் பொறுக்காத பாத்தியிலும் அதே கதை. நெருக்கமாக வந்ததைக் கலைத்துவிட மனம் வராதவர்களுக்குப் பென்சில் பருமன்தான் கிடைத்தது.

ஊதாக் கேரட்டை நறுக்கினால் உள்ளே ஆரஞ்சாக இருக்கிறது, சாயம் பூசியதா என்று எழுத்துப்பூர்வமாக ஒரு புகார். சில ரகங்களில் தோல் பக்கம் மட்டும்தான் ஊதா. சாம்பாரே சிவந்துவிட்டது என்று இன்னொரு அம்மா வருத்தப்பட்டார். அந்த ஊதா தண்ணீரில் கரையும், புளி பட்டால் சிவக்கும். பச்சையாகத் துருவிச் சாப்பிடுங்கள் என்பதும் அதே நோட்டீஸில் இருந்தது.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கையிருப்பு கைக்கு அடக்கமாகவே இருக்கிறது. சந்தா கட்டியவர்கள் 23 பேர். பெயர் சொல்லவில்லை, சொன்னால் வந்திருக்கும் சிலரும் எழுந்து போய்விடுவார்கள். விதைக்கு நான் கைக்காசு போட்ட 1,480 ரூபாயின் ரசீது மார்ச் மாதத்திலிருந்து பரிசீலனையில் இருக்கிறது. அவசரமில்லை.

கூடம் தந்தவருக்கும், மைக் தந்தவருக்கும், போண்டா செய்த சகோதரிகளுக்கும் நன்றி.

என் பாத்தியில் மஞ்சள் கேரட் மட்டும் பதினெட்டைப் பிடுங்காமல் விதைக்கு விட்டேன். நிறங்கள் பக்கத்தில் பூத்தால் தேனீ மகரந்தத்தைக் கலந்துவிடும் என்பதால் ஒரே நிறம். மழையில் ஆறு அழுகியது, காட்டுப்பன்றி நான்கைத் தோண்டியது. மிச்சம் எட்டு இப்போது உறைபனியில் நிற்கிறது. இந்தக் குளிர் பட்டால்தான் தண்டு எழும்பிப் பூக்கும், தமிழ்நாட்டுச் சமவெளியில் இதற்கு வழியில்லை. ஆனால் ஏப்ரலில் நான் மகள் வீட்டுக்குச் சென்னை போகிறேன். பூக்கும் நேரத்தில் வேலியைப் பார்க்க ஒருவர் வேண்டும். செயலாளர் பொறுப்பையும் சேர்த்தே யாராவது ஏற்றுக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை. சென்ற ஆண்டும் இதைச் சொன்னேன், யாரும் கை தூக்கவில்லை.

சரி, பிப்ரவரி விதைப்புக்கு சாக்கு என் வீட்டில் இருக்கிறது. எடுக்க வருபவர்கள் சந்தாவையும் கையோடு கொண்டுவரலாம்.

இப்படிக்கு,
செயலாளர்