மாடியில் விளையும் மின்சாரம்

பாளையங்கோட்டை

அன்புள்ள முருகேசனுக்கு,

நலம். உங்கள் எல்லோருடைய நலமும் அறிய ஆவல். உன் மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைக் கேட்டதும் லட்சுமி நெல்லையப்பர் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள்.

எங்கள் மொட்டை மாடிச் சோலாரைப் பற்றிக் கேட்டிருந்தாய். 3 கிலோவாட் போட்டிருக்கிறோம். நல்ல வெயில் நாளில் 12 யூனிட் வரை கிடைக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெகுவாகக் குறைந்துவிடும். பகலில் எங்கள் இருவருக்கு என்ன செலவாகிவிடப் போகிறது? மிச்சமெல்லாம் மின்வாரியத்தின் கம்பிக்குப் போகிறது, இரவில் திரும்ப எடுத்துக்கொள்கிறோம். இருவழி மீட்டர் இரண்டையும் குறித்துக்கொள்ளும். கொடுத்ததைக் கழித்து மீதிக்குத்தான் பில். கூடுதலாகக் கொடுத்திருந்தால் அடுத்த கணக்குக்கு வரவாகப் போகும். மின்வெட்டு வந்தால் சோலாரும் நின்றுவிடுவதுதான் பலருக்குப் புரிவதில்லை. நம் மின்சாரம் கம்பியில் பாய்ந்து, லைனில் ஏறி வேலை செய்பவரின் உயிருக்கு ஆபத்தாகிவிடக் கூடாது என்றே அப்படி அமைத்திருக்கிறார்கள்.

மத்திய அரசின் மானியம் 78,000 ரூபாய் கிடைத்தது உண்மைதான். ஆனால் என்னைத் துணிய வைத்தது மானியம் அல்ல, யூனிட்டுக்கு யூனிட் கழிக்கும் இந்தக் கணக்கு. நம் மாநிலத்தில் இது 2013இல் வந்தது. 2019இல் அதை மாற்றி, நாம் கொடுக்கும் மின்சாரத்துக்குக் குறைந்த விலை வைத்தார்கள். நாம் வாங்கும்போது ஒரு விலை, கொடுக்கும்போது அதைவிடக் குறைந்த விலை என்றால் எந்தக் குடும்பம் சேமிப்பை எடுத்துக் கூரையில் போடும்? 2021 அக்டோபரில் வீடுகளுக்குப் பழைய முறையை, மின்கட்டணத்தை முடிவு செய்யும் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் திரும்பக் கொண்டுவந்தது. மறுபடியும் அதில் கை வைத்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

எங்கள் தெருவில் இப்போது இதே பேச்சுதான். கோடையில் ஏசி ஓடி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டி, பில்லைக் கண்டு அதிர்ந்தவர்கள் எங்கள் பில்லை வாங்கிப் பார்த்தார்கள். அப்புறம் ஒவ்வொரு வீடாகத் தகடு ஏறியது. இந்தக் கழிக்கும் கணக்கை மாற்றக் கூடாது என்று எல்லோரும் கையெழுத்திட்டு ஆணையத்துக்கு ஒரு மனு தயாரித்திருக்கிறோம். கட்டணத்தை முடிவு செய்யுமுன் பொதுமக்களின் கருத்தைப் பரிசீலிக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டமே சொல்கிறது. சொல்லவேண்டியவர்கள் வாய் திறக்காவிட்டால் யாரைக் குறை சொல்வது?

வாரியத்தின் பக்கத்து நியாயத்தையும் மறுக்கமாட்டேன். பகலில் மலிவாகக் கிடைக்கும் மின்சாரத்தைக் கொடுத்துவிட்டு, ஊருக்கெல்லாம் தேவைப்படும் மாலை வேளையில் திரும்பக் கேட்கிறோம். கம்பம், கம்பி, டிரான்ஸ்பார்மர் செலவில் எங்கள் பங்கு குறைந்தால் அது சோலார் போட முடியாதவர் தலையில்தான் விழும். அதற்கு ஒரு சிறு நிலைக்கட்டணம் கேட்கட்டும், தருகிறோம். யூனிட் கணக்கில் மட்டும் குறைக்க வேண்டாம்.

சோலார் போட முடியாதவர் என்றதும் உன் நினைவுதான் வருகிறது. சென்னையில் அடுக்குமாடியில் இருக்கும் நீயும் வாடகை வீட்டுக்காரர்களும் இதில் சேரவே முடியாதா? டெல்லியில் ஓரிடத்தில் நிறுவிய சோலாரின் யூனிட்டுகளைப் பல வீடுகளின் பில்லில் பங்கிட்டுக் கழிக்க வழி செய்திருக்கிறார்கள். உங்கள் குடியிருப்பின் பொது மாடி சும்மாதானே கிடக்கிறது! இதையும் எங்கள் மனுவில் கோரிக்கையாகச் சேர்த்துவிட்டேன். அடுக்குமாடியில் இருப்பவர்களே கேட்டால் அதன் வலு வேறு. உங்கள் சங்கக் கூட்டத்தில் பேசிப் பார். மனுவின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் நிலைமைக்கு ஏற்பத் திருத்திக்கொள்.

பொங்கலுக்கு ஊருக்கு வருவதாக எழுதியிருந்தாய். டிக்கெட் போட்டாயிற்றா?

அன்புடன்,
சண்முகம்