கடை வாசல் வேண்டாம், கார் கதவு திறக்க இடம் தாங்கோ

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் லண்டன் ஹரோவில இருக்கிறன், ரெண்டு பிள்ளையள், பெரியவனுக்கு நாலு வயசு சின்னவளுக்கு ஒன்பது மாசம். உங்கட பேப்பரில வாற வாசகர் கடிதங்களை விடாமல் வாசிக்கிறனான், நான் எழுதுறது இதுதான் முதல் தரம். விசயம் சூப்பர் மார்க்கெட் கார் பார்க்கில பிள்ளையளோட வாற ஆக்களுக்கு ஒதுக்கிற இடம். கேக்கச் சின்ன விசயம் மாதிரி இருக்கும், ஆனா சின்னப் பிள்ளையோட தனியக் கடைக்குப் போய் வாற ஆக்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும், அதால கொஞ்சம் இடம் ஒதுக்கிப் போடுங்கோ.

எங்கட வீட்டுக்குக் கிட்ட ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் இருக்கு, பேர் வேண்டாம். அங்க கார் பார்க்குக்குத் திருப்பித் தார் போட்டு புதுசாக் கோடு கீறப் போகினம் எண்டு நோட்டீஸ் ஒட்டியிருக்கினம். பழைய கோடு எங்க இருந்ததோ அங்கயே திருப்பிக் கீறிப்போட்டுப் போயிடுவினம் எண்டுதான் எனக்குப் பயம். ஒருக்காக் கீறினா பிறகு பத்து வருசத்துக்கு ஒருத்தரும் அதைத் தொடமாட்டினம்.

போன மாசம் ஒரு சனிக்கிழமை, பெரியவனின்ர தமிழ்ப் பள்ளிக்கூடம் முடிஞ்சு நேர அங்க போனன், நல்ல மழை. பிள்ளையளோட வாற ஆக்களுக்கெண்டு கடை வாசலுக்கு முன்னால எட்டு இடம் இருக்கு, எட்டும் நிரம்பிப் போச்சு, அதில மூண்டு காருக்குள்ள பிள்ளையின்ர சீற்றே இல்லை, நான் எட்டிப் பாத்தனான். சரி எண்டு அங்கால சாதாரண இடத்தில விட்டிட்டுப் போனன். சாமான் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தா ஒரு பெரிய ஜீப் எங்கட காரோட ஒட்டினமாதிரி நிக்குது, அதுவும் சின்னவளின்ர சீற் இருக்கிற பக்கம். மற்றப் பக்கம் சுவர். கதவு ஒரு சாண் திறக்குது, அதுக்குள்ளால நான் போகவே ஏலாது, பிள்ளை கிடக்கிற சீற்றைத் தூக்கிக்கொண்டு எப்பிடிப் போறது? காரை வெளியில எடுத்தாத்தான் ஏத்தலாம், காரை எடுக்கிறதெண்டா ரெண்டு பிள்ளையளையும் கார் ஓடுற பாதையில மழைக்குள்ள விடோணும். முன்பின் தெரியாத ஒரு குஜராத்தி அம்மா நான் நிக்கிற நிலையைப் பாத்திட்டு வந்து பெரியவனின்ர கையைப் பிடிச்சுக்கொண்டா, சின்னவளின்ர சீற்றைத் தன்ர காலுக்குப் பக்கத்தில வைச்சுக் குடையைப் பிடிச்சா, அதுக்குப் பிறகுதான் நான் முன்கதவால எப்பிடியோ உள்ளுக்க பூந்து காரை வெளியில எடுத்தன். அவ வராட்டி என்ன செய்திருப்பன் எண்டு இப்பவும் யோசிக்கிறனான்.

அண்டைக்கு இரவு இருந்து யோசிச்சுப் பாத்தன். எனக்கு உண்மையில என்ன தேவைப்பட்டது? வாசலுக்குக் கிட்ட இடமா? இல்லை. நான் நடப்பன், பிள்ளையைத் தூக்குவன், பிராமில வைச்சுத் தள்ளுவன், பெரியவன் ஓடியே போவான். எனக்குத் தேவைப்பட்டது கார்க் கதவை முழுசாத் திறக்க ஒரு அகலம், கார் வராத ஒரு நடைபாதை, டிறொலியைத் திருப்பி விடப் பக்கத்தில ஒரு இடம். இந்த மூண்டும் வாசலில இருந்து நூறு மீற்றர் தள்ளி இருந்தாலும் நான் சந்தோசமாப் போவன்.

அகலக் கணக்கைப் பாருங்கோ. இங்க வழமையா ஒரு பார்க்கிங் இடம் 2.4 மீற்றர் அகலம். ஐரோப்பாவில விக்கிற புதுக் காருகளின்ர சராசரி அகலம் 2018 இல 177.8 சென்ரிமீற்றர், 2023 இன்ர முதல் பாதியில அது 180.3 ஆகிட்டுது, அதுவும் பக்கக் கண்ணாடியைச் சேர்க்காமல். அப்ப ரெண்டு காரும் நடுக்கோட்டில வடிவா நிண்டாக்கூட இடையில 60 சென்ரிமீற்றர்தான் மிச்சம். ஒராள் சரிஞ்சு இறங்க அது காணும். ஆனா கைக்குழந்தையின்ர சீற் பின்பக்கம் பாத்து இருக்கோணும், பிள்ளையின்ர உயரத்தை வைச்சு விக்கிற புதுச் சீற் எண்டா 15 மாசம் வரைக்கும் அப்பிடித்தான் சட்டம், அந்தப் பிள்ளையைக் காருக்குள்ள குனிஞ்சு வைச்சு, கையைப் பட்டிக்குள்ளால எடுத்து, பெல்ற்றைக் கொழுவி இறுக்கிறதுக்குக் கதவு முழுசாத் திறபடோணும். பிள்ளையளுக்குச் சீற் வேணும் எண்டு சட்டம் போட்டிருக்கினம், 12 வயசு அல்லது 135 சென்ரிமீற்றர் உயரம், எது முதல் வருதோ அது வரைக்கும், நல்ல சட்டம், நான் குறை சொல்லேல்ல. ஆனா அந்தச் சீற்றுக்குள்ள பிள்ளையை ஏத்தி இறக்கிற இடத்துக்கு ஒரு சட்டமும் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்குக் குடுக்கிற பார்க்கிங் அட்டையான புளூ பாட்ஜ் இடத்துக்கு 2010 ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் பின்னால நிக்குது, பிள்ளையளோட வாற ஆக்களின்ர இடத்துக்கு அப்பிடி ஒண்டும் இல்லை, கடைக்காரர் விரும்பினா வைப்பினம் விரும்பாட்டி விடுவினம். இத்தாலியில 2021 இல வீதிச் சட்டத்தையே மாத்தி கர்ப்பிணிகளுக்கும் ரெண்டு வயசு வரைக்கும் பிள்ளை வைச்சிருக்கிற ஆக்களுக்கும் வீதியில பார்க்கிங் இடம் ஒதுக்க நகரசபைகளுக்கு அதிகாரம் குடுத்திருக்கினம். இங்க அப்பிடி வரும் வரைக்கும் கடைக்காரரைத்தான் கேக்கோணும்.

இப்ப வாசலுக்குக் கிட்ட வைக்கிறதில என்ன பிழை எண்டு கேப்பியள். முதலாவது, வாசலுக்கு முன்னாலதான் கார் ஓட்டம் கூட. ஆக்களை இறக்கிற கார், இடம் தேடிச் சுத்துற கார், டாக்ஸி, எல்லாம் அதுக்குள்ளதான். நாலு வயசுப் பிள்ளை ரெண்டு காருக்கு இடையில நிண்டா றிவேர்ஸ் எடுக்கிற ஆளுக்குத் தலைகூடத் தெரியாது. எங்கட கடையில பிள்ளையளோட இறங்கி வாசலுக்குப் போறதெண்டா கட்டாயம் அந்தப் பாதையைக் குறுக்கால கடக்கோணும். அதே கடையின்ர பக்கச் சுவர் வழிய நல்ல நடைபாதை ஒண்டு வாசல் வரைக்கும் போகுது, அதோட ஒட்டிப் பத்துப் பன்ரெண்டு இடம் இருக்கு, அங்க விட்டா ஒரு பாதையும் கடக்காமல் கதவு திறந்தவுடன நடைபாதையில கால் வைக்கலாம். கொஞ்சம் தூரம்தான், அதனால அது எப்பவும் பாதி வெறுமையாக் கிடக்குது.

ரெண்டாவது, வாசலுக்குக் கிட்ட இருக்கிறபடியால்தான் பிள்ளை இல்லாத ஆக்களும் அதில விடுகினம். ரெண்டு நிமிசம் பால் வாங்க வந்தனான், மழை பெய்யுது, ஒரு பார்சல் எடுக்கோணும், இப்பிடி ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு காரணம். எங்கட ஆக்களும் செய்யினம், அதையும் சொல்லத்தான் வேணும். கோயிலில என்ர பிள்ளையைக் கொஞ்சிற ஒராளை அந்த இடத்தில தனிய இறங்கக் கண்டிருக்கிறன், கண்டும் காணாத மாதிரிப் போனார். தனியார் கார் பார்க்கில நோட்டீஸ் ஒழுங்கா வைச்சிருந்தாக் காசு அறவிடலாம், 2015 இல இங்கத்த உச்ச நீதிமன்றம் ஒரு கார் பார்க் வழக்கில, நேரம் பிந்தி நிண்டதுக்கு, 85 பவுண்ஸ் அறவிட்டது சரி எண்டு தீர்ப்புச் சொல்லியிருக்கு. ஆனா எந்தக் கடை மனேஜர் தன்ர வாடிக்கையாளரோட இதுக்காகச் சண்டைக்குப் போவார்? நான் கேட்டனான், அவர் பாவம், தலைமை அலுவலகத்துக்குச் சொல்லுறன் எண்டார், அவ்வளவுதான். தள்ளிக் கொண்டுபோய் வைச்சா ஒருத்தரோடயும் சண்டை பிடிக்கத் தேவையில்லை. பிள்ளை இல்லாத ஆள் சும்மா அவ்வளவு தூரம் போய் விடமாட்டார்.

மூண்டாவது என்ர அம்மா. அவவுக்கு 71 வயசு, முழங்கால் ரெண்டும் ஏலாது, ஆனா புளூ பாட்ஜ் கிடைக்கேல்ல. பிள்ளையளை வீட்டில விட்டிட்டு அவவும் நானும் மட்டும் கடைக்குப் போற நாளில நான் அந்த எட்டு இடத்திலயும் விடேலாது, பின்னுக்குப் போய்த்தான் விடோணும், அம்மா அங்க இருந்து நிண்டு நிண்டு நடந்து வருவா. அதுக்குள்ள முன்வாசலில என்னைப் போல ஓடித் திரியிற தாய்மார் இறங்குகினம். இது நியாயம் எண்டு எனக்குப் படேல்ல. கிட்ட இருக்கிற இடம் நடக்க ஏலாத ஆக்களுக்கு. முதல் புளூ பாட்ஜ், அது இப்ப காணாது, கூட்டோணும். மிச்சத்தை வயசு போன ஆக்களுக்கும் மாசம் கூடின கர்ப்பிணிகளுக்கும் விடுங்கோ. சின்னவள் வயித்தில எட்டு மாசமா இருக்கேக்க எனக்கு அகலத்தை விடக் கிட்டத்தான் தேவைப்பட்டது, பிறந்த பிறகு தலைகீழா மாறிப்போச்சு.

டிறொலி கதையையும் சொல்லோணும். தனிய வாற தாய்க்கு எது முதல், பிள்ளையை இறக்கிறதோ டிறொலி எடுக்கிறதோ? டிறொலி வாசலடியில நிக்குது. பிள்ளையைக் காருக்குள்ள விட்டிட்டுப் போக மனம் வராது, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெரியவனைக் கையில பிடிச்சுக்கொண்டு போய் எடுக்கோணும். திரும்பி வரேக்க இன்னும் மோசம். சாமானை ஏத்தி, பிள்ளையளைக் கட்டிப்போட்டு, பிறகு டிறொலியைக் கொண்டுபோய் விட்டிட்டு ஒரு பவுண்ஸ் காசை எடுக்க ஓடோணும், அந்த ஒரு நிமிசமும் திரும்பித் திரும்பிக் காரைப் பாத்தபடி. எத்தினையோ நாள் காசை விட்டிட்டே வந்திருக்கிறன். பிள்ளை இருத்திற சீற் வைச்ச டிறொலிகளை இந்த இடங்களுக்கு நடுவில ஒரு சின்னக் கொட்டில் போட்டு விட்டா இந்தப் பிரச்சினையே இல்லை.

இடம் காணாது, வருமானம் குறையும் எண்டு கடைக்காரர் சொல்லுவினம். நான் கொப்பியில கீறிப் பாத்தனான். சாதாரண இடம் அஞ்சு சேர்ந்தா 12 மீற்றர். அதே 12 மீற்றரில நாலு காருக்கு இடம் கீறி, ரெண்டு ரெண்டு காருக்கு நடுவில 1.2 மீற்றர் வரிக்கோடு போட்ட இடைவெளி விடலாம், புளூ பாட்ஜ் இடத்துக்குப் பக்கத்தில விடுற அதே அளவு. ஒவ்வொரு காருக்கும் ஒரு பக்கம் கதவு முழுசாத் திறக்கும், பிள்ளையின்ர சீற் எந்தப் பக்கமோ அதுக்கேத்த மாதிரி முன்னாலயோ பின்னாலயோ விட்டாச் சரி, பெரிய பிள்ளை அதே பக்கத்தால ஏறி அங்கால நகர்ந்து இருக்கும். அஞ்சில ஒண்டு மட்டும்தான் குறையுது, அதுவும் இப்ப வெறுமையாக் கிடக்கிற பக்கத்தில. வாசலில இருக்கிற எட்டும் அவைக்குத் திரும்பிக் கிடைக்குது.

வயசைப் பற்றியும் ஒரு வசனம். 12 வயசு வரைக்கும் எண்டு சில கடையில போட்டிருக்கினம், அது கூட. பூஸ்ரர் சீற்றில இருக்கிற எட்டு வயசுப் பிள்ளை தானே கதவைத் திறந்து இறங்கும். பட்டி போட்டுக் கட்டுற சீற் இருக்கிற வயசு, அதாவது ஒரு நாலு அஞ்சு வயசு வரைக்கும் காணும். பெரிய பிள்ளையளின்ர தாய்மார் கோவிக்கப்படாது, நானும் நாலஞ்சு வருசத்தில உங்களோட சேர்ந்து சாதாரண இடத்துக்கு வந்திடுவன்.

அப்பப்பா அம்மம்மாமார் பேரப்பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போற வீடுகள் எங்கட ஆக்களில எத்தினை, அவைக்கும் இது தேவைதான். அதால வாசகர்களிட்ட நான் கேக்கிறது, நீங்கள் போற கடையில கார் பார்க் திருத்துறதா நோட்டீஸ் கண்டா, கோடு கீற முதல் மனேஜரிட்டயும் கடையின்ர இணையத்தளத்திலயும் எழுதிப்போடுங்கோ. புதுக் கடை கட்ட விண்ணப்பம் போட்டிருந்தா கவுன்சிலின்ர இணையத்தளத்தில வரைபடத்தோட பாக்கலாம், வழமையா 21 நாள் தருவினம், காசில்லாமல் யாரும் கருத்து எழுதலாம், அதில கார் பார்க் வரைபடத்தைத் திறந்து பிள்ளையளின்ர இடம் எங்க கீறியிருக்கு, அதில இருந்து வாசலுக்குப் போக எத்தினை பாதை கடக்கோணும் எண்டு எண்ணிப் பாத்து எழுதுங்கோ. நான் என்ர கொப்பியில கீறின படத்தைப் படியெடுத்துப் போன திங்கக்கிழமை மனேஜரின்ர கையில குடுத்திருக்கிறன். தார் போடுறது அடுத்த மாசம் 2 ஆம் கிழமை எண்டு நோட்டீஸில இருக்கு.

இப்படிக்கு,
ரெண்டு பிள்ளையளின்ர தாய்,
ஹரோ, லண்டன்.