எந்தச் சோடா என்று எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வார இணைப்பின் வீட்டுக் குறிப்புப் பகுதியில், ஒரே பத்தியில் இரண்டு யோசனைகள் வந்திருந்தன. கொண்டைக்கடலை பூப்போல வேக, ஊறவைக்கும்போது ஒரு சிட்டிகை சோடா சேர்க்கவும் என்றது ஒன்று. தொட்டிக் குழாய் அடைத்துக்கொண்டால் ஒரு கைப்பிடி சோடா போட்டு வெந்நீர் ஊற்றவும் என்றது இன்னொன்று. எந்தச் சோடா என்று இரண்டிலும் இல்லை. சோடா மாறினால் முதல் குறிப்பில் வாய் வெந்துபோகும், இரண்டாவதில் முகம்.

வெள்ளையாக விற்கும் சோடாக்கள் மூன்று. ஆப்ப சோடா, சமையல் சோடா, சோடா உப்பு என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கடைக்காரர் எடுத்துத் தருவது சோடியம் பைகார்பனேட். இலங்கையில் அதுவே அப்பச்சோடா. சலவை சோடா என்பது சோடியம் கார்பனேட். காஸ்டிக் சோடா என்பது சோடியம் ஹைட்ராக்சைடு. நீரில் கரைத்து பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) பார்த்தால் முதலாவது 8-ஐ ஒட்டி நிற்கும், இரண்டாவது 11-ஐத் தொடும், மூன்றாவது 13-ஐத் தாண்டும். ஒவ்வோர் எண் ஏறும்போதும் காரத்தன்மை பத்து மடங்காகிறது.

பெட்டிக்கடையில் குடிக்கிற சோடா நான்காவது. பெரும்பாலும் அதில் சோடாவே கிடையாது; அழுத்தத்தில் கரைத்த கரியமில வாயுதான். தொடக்க காலத்தில் சோடா உப்பும் சேர்த்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-ல் காப்புரிமை பெற்ற கோலி பாட்டில் இன்னும் நம் ஊரில் உயிரோடு இருக்கிறது. கோலியை மேலே தூக்கி ரப்பர் வளையத்தோடு இறுக்கி அடைப்பதும் அந்த வாயுவின் அழுத்தமே. இலங்கைத் தமிழர் 'சோடா குடிக்கிறியளா?' என்று கேட்டால் வருவது கலர் பானமாகவும் இருக்கலாம். இதில் ஆபத்து ஒன்றுமில்லை. வம்பெல்லாம் முதல் மூன்றில்தான்.

ஆப்ப சோடாவிலிருந்து முழு வாயுவும் வர வேண்டுமானால் புளிப்பு வேண்டும். புளித்த மாவில் அது தானாகவே இருக்கிறது. புளிக்காத மாவில் சூடு மட்டும் பட்டால் பாதி வாயுதான் வெளியேறும்; பாத்திரத்தில் மிஞ்சுவது சோடியம் கார்பனேட், அதாவது சலவை சோடா! பஜ்ஜியோ ஆப்பமோ மஞ்சள் பாரித்து சோப்பு வாடை அடிப்பது இதனால்தான். ஒரு லிட்டர் ஆப்ப மாவுக்குக் கால் டீஸ்பூன் போதும், அதையும் சுடுவதற்குச் சற்று முன் கலக்க வேண்டும். இரவே கலந்து வைத்தால் வாயு ஓடிவிடும், உப்புச் சுவைதான் மிச்சம். கால் கிலோ கொண்டைக்கடலைக்கும் அதே கால் டீஸ்பூன்தான். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைக்க வேண்டும். போர் தண்ணீரிலுள்ள கால்சியம் கடலைத் தோலை இறுக்கும், சோடா அதை இளக்கும். கூடவே வைட்டமின் பி1-ஐயும் கொஞ்சம் அழிக்கும் என்பதால், நல்ல தண்ணீர் கிடைக்கும் வீட்டில் சோடாவே தேவையில்லை. ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு ஒரு கணக்கு: ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடாவில் சுமார் 1,300 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சொல்லும் மொத்த வரம்பே 2,000.

எலுமிச்சைச் சாறு விட்டு, நுரைத்தால் சமையல் சோடா என்று கண்டுபிடிக்கலாம் என்று ஒரு குறிப்பு அடிக்கடி உலவுகிறது. தவறு. சலவை சோடாவும் அப்படியே நுரைக்கும். மஞ்சள் தூள் கரைத்த தண்ணீர் சிவக்கிறதா என்று பார்ப்பதையும் நம்ப முடியாது. சலவை சோடா நன்றாகச் சிவக்க வைக்கும் என்றால் ஆப்ப சோடாவும் லேசாக நிறம் மாற்றும். கண்ணால் பார்த்துச் சொல்வதும் கடினம். சலவை சோடா கட்டியில் எடைக்கு 60 விழுக்காட்டுக்கு மேல் நீர்தான். திறந்து வைத்தால் நீர் பறந்து, கட்டி உதிர்ந்து, ஆப்ப சோடா போலவே மாவாகிவிடும். அப்படி உதிர்ந்தது முன்பைவிட வீரியமும் கூடியது. சீட்டு கிழிந்த டப்பாவில் வெள்ளைத் தூள் இருந்தால் கொட்டிவிடுவதே வழி.

எண்ணெய்ப் பிசுக்கால் அடைத்த குழாய்க்கு ஏற்றது சலவை சோடா. 100 கிராம் போட்டு, ஒன்றிரண்டு லிட்டர் சுடுநீர் ஊற்றி, கால் மணி நேரம் விட வேண்டும். பிசுக்கு சோப்பாகிக் கரையும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பி.வி.சி. குழாய் இளகிவிடும். ஆப்ப சோடாவும் வினிகரும் கலக்கச் சொல்கிற குறிப்பில் நுரை பிரமாதமாக வரும், ஆனால் காரமும் அமிலமும் ஒன்றையொன்று தின்றுவிட, மிஞ்சுவது வெறும் உப்புத் தண்ணீர். பட்டுக்கும் கம்பளிக்கும் சலவை சோடா ஆகாது, நூலையே அரிக்கும். அலுமினியப் பாத்திரத்துக்கும் ஆகாது. குக்கர் உள்ளே கறுத்தால் புளியோ எலுமிச்சைத் தோலோ போட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். சோடா போட்டால் மேலும் கறுக்கும்.

காஸ்டிக் சோடாவை வீட்டுக் குறிப்பில் எழுதாமலிருப்பதே நல்லது. எழுதியே தீர வேண்டுமென்றால், குளிர்ந்த தண்ணீரில் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும் என்று எழுதுங்கள். சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றினால், அதுவும் வெந்நீர் ஊற்றினால், பட்ட இடத்திலேயே கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தில் ஹைட்ரஜன் வாயு கிளம்பும். எவர்சில்வரோ கனமான பிளாஸ்டிக் வாளியோதான் சரி. வீட்டில் சோப்பு காய்ச்சுவோர் கரண்டிக் கணக்கை விட்டுத் தராசில் நிறுக்க வேண்டும். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுதாகச் சோப்பாக சுமார் 183 கிராம் காஸ்டிக் சோடா தேவை, நல்லெண்ணெய்க்கு 135-ஐ ஒட்டித்தான். எண்ணெயை மாற்றிவிட்டு அளவை மாற்றாதவர்களின் சோப்பில் மிஞ்சுகிற காரம் தோலை அரிக்கும்.

காஸ்டிக் சோடாவைக் கரைத்துப் பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. குழந்தைகள் குடித்துவிடுவது இப்படித்தான். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. இறங்கும்போது வெந்த உணவுக்குழாய் ஏறும்போது மறுபடி வேகும். முறிவு என்று எலுமிச்சைச் சாறோ மோரோ புகட்டவும் வேண்டாம். வாயைக் கொப்பளிக்க வைத்து உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். கண்ணில் பட்டால் குறைந்தது 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிய பிறகே புறப்படலாம். டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும், உள்ளே போனது எந்தச் சோடா என்று மருத்துவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
கோவில்பட்டி.